பிளாக்ஸ்டர் வீட்டுச் சம்பந்தம்

அத்தியாயம் 11

இல்ஃபோர்ட் வீட்டில் அழைப்புமணி அடித்ததும் சிவகௌரி கையில் ஒட்டிய வடைமாவோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாளே, அந்த இடத்தில்தான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

வாசலில் நின்றது சம்பந்தி வீட்டார் இல்லை. மூத்த மகள் கஜந்தினி. மூன்று வருடமாக அந்தப் படியை மிதிக்காத பிள்ளை. கையில் ஒரு சின்னப் பயணப் பை இருந்தது.

மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சிவகௌரி அந்தப் பையைத்தான் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவள் பையோடு வரமாட்டாள். இரவு தங்கத்தான் வந்திருக்கிறாள். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாடி அறைக் கட்டிலுக்குக் காலையில் புது விரிப்புப் போட்டது வீண்போகவில்லை.

"வா பிள்ளை. ஏதும் சாப்பிட்டனியே?"

"ஓம்," என்ற கஜந்தினி பையை மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். மேலே கொண்டுபோகவில்லை. போகப் போகக் கொண்டுபோவாள் என்று தாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்றைய நாள் நல்லபடியாக முடிந்துவிட்டால் போதும், மகள் திரும்பி வந்துவிடுவாள்.

மூன்று வருடம் முன்பு நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கஜந்தினி யனுஷன் என்ற பையனை விரும்பினாள். கண் பரிசோதிக்கிற உத்தியோகம், மரியாதையான பேச்சு. வீட்டுக்கு வந்து ஒருமுறை தேத்தண்ணி குடித்தான். தகப்பன் பரமேஸ்வரனுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் நம்மவர்களிடம் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. பரமேஸ்வரனின் அக்கா அருமைநாயகி ஹரோவிலிருந்து ரொறன்ரோவிலுள்ள சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். ரொறன்ரோ ஊருக்கு எடுத்தது. மறுநாளே விடை வந்துவிட்டது. பையனின் பாட்டனார் ஊரில் வீடுவீடாகப் போய்த் துணி எடுத்து வெளுத்தவர்.

அவ்வளவுதான். பையனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவுமில்லை. வேண்டாம் என்று முடிவாகச் சொன்னவள் சிவகௌரி. கஜந்தினி சண்டை பிடிக்கவில்லை, அழவுமில்லை. வோல்தம்ஸ்ரோவில் ஒரு பிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று வந்திருப்பது தங்கை மேனுஷாவுக்காக. மேனுஷா கட்டப்போவது ஒலிவர் பிளாக்ஸ்டர் என்கிற வெள்ளைக்காரப் பையனை. அவனுடைய தாயும் தகப்பனும் முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். கலியாணத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

வெள்ளைக்காரனை எங்கே போய் விசாரிப்பது? ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஒலிவரின் ஊரான நோர்ஃபோக்கில் ஆரைத் தெரியும்? சிவகௌரி தவித்துப்போனாள். அப்போதுதான் மேனுஷா பேச்சுவாக்கில், பிளாக்ஸ்டர் என்பது மிக அரிய பெயர், நாடு முழுக்கத் தேடினாலும் சொற்பப் பேருக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

சிவகௌரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அரிது என்றால் உயர்ந்தது. பவுன் அரிது, பாஸ்மதியில் நல்ல பாஸ்மதி அரிது. அப்படியானால் இது ஏதோ பழைய பெரிய வம்சமாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஊகமாக நினைத்தாள், பிறகு நம்பினாள், பிறகு ஹரோவுக்குத் தொலைபேசி எடுத்து மச்சாளிடம் சொல்லிவிட்டாள். "பிரபுக்கள் மாதிரியாம் மச்சாள்." யார் அப்படிச் சொன்னது என்று மச்சாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கறி கிண்டுகிறபோதெல்லாம் சிவகௌரியின் வாய் தானாகவே 'மேனுஷா பிளாக்ஸ்டர்' என்று சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

சம்பந்தி வீட்டார் ஒலிவரோடு பன்னிரண்டு மணிபோல வந்து சேர்ந்தார்கள். கொலின் பிளாக்ஸ்டர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், ஒடிசலான நெடிய மனிதர். கையில் தாளில் சுற்றிய ஒரு பொதி. வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்துத் தானே சிரித்தார். மனைவி ஹிலரி கைகூப்பி "வணக்கம்" என்றாள். மேனுஷா பழக்கியிருப்பாள்.

பிரபு வீட்டுக் காலுறையில் ஓட்டை இருக்குமா என்று ஒரு சந்தேகம் சிவகௌரிக்கு எட்டிப்பார்த்தது. பெரிய பணக்காரர்கள்தான் இப்படி எளிமையாக இருப்பார்கள் என்று அதைத் தட்டிவிட்டாள்.

ஹரோவிலிருந்து வந்திருந்த அருமைநாயகி மச்சாள், வீட்டில் இருந்ததிலேயே நல்ல கதிரையில் காஞ்சிபுரப் பட்டோடு உட்கார்ந்திருந்தார். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது, மீதியைச் சிவகௌரிதான் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். மச்சாள் காதோடு கேட்டார்.

"என்ன கௌரி, பிரபு எண்டாய். சும்மா வாத்தியார் மாதிரி இருக்கிறார்?"

அந்த இடத்தில் சிவகௌரி பேசாமல் இருந்திருக்கலாம். வடை எடுத்து வந்திருக்கலாம். ஆனால் மச்சாள் முன்னால் தன் சொல் பொய்த்துப்போகக் கூடாதே. நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்.

"மிஸ்டர் பிளாக்ஸ்டர், உங்கள் குடும்பப் பெயர் மிகவும் அரியது என்று மேனுஷா சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம்?"

கொலினின் முகம் மலர்ந்துபோயிற்று. ஹிலரி சிரித்துக்கொண்டு, "நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வசதியாகச் சாய்ந்து உட்காருங்கள், இது சீக்கிரம் முடியாது," என்றாள்.

"என் மருமகளின் தாய் இதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை," என்றார் கொலின். "மிகப் பழைய சொல். துணி வெளுப்பவர் என்று அர்த்தம். அதுவும் தொடக்கத்தில் பெண்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். துணி வெளுக்கிறவள். பேக்கரி வேலை செய்த பெண்ணிலிருந்து பாக்ஸ்டர் வந்த மாதிரி, இவளிடமிருந்து பிளாக்ஸ்டர் வந்தது. அப்படியென்றால் எங்கள் வம்சத்தின் தலையில் நிற்பவள் யாரோ ஒரு ஏழைப் பெண். மற்றவர்களுடைய துணியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, புல்வெளியில் விரித்து வெயிலில் காயப்போட்டவள். அவளுடைய சொந்தப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தொழில்தான் மிஞ்சியது. அதைத்தான் நாங்கள் இத்தனை நூறு வருடமாகச் சுமக்கிறோம்."

அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பெருமையில் தழுதழுத்தது.

சிவகௌரியின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வாயால் தானே கேட்டு வாங்கிக்கொண்டாளே. அதுவும் யார் முன்னால்? அவள் மச்சாளைப் பார்க்கவில்லை. அதைவிட, தேத்தண்ணியும் வடையும் வைத்த தட்டத்தோடு அறைவாசலில் வந்து நின்ற கஜந்தினியைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் அவள் அங்கே நிற்பது முதுகில் சுட்டது.

கொலின் இன்னும் முடிக்கவில்லை. கொண்டுவந்த பொதியைப் பிரித்தார். உள்ளே மடித்த ஒரு வெள்ளை லினன் விரிப்பு.

"எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக இருக்கிறது. கையால் வெளுத்தது. இது இனி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம்."

சொல்லிக்கொண்டே எழுந்து, விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து ஒரு உதறு உதறினார். வெள்ளைத் துணி காற்றில் எழும்பி, சாப்பாடு வைக்கப்போகிற மேசைமேல் சுருக்கமில்லாமல் படிந்தது.

சிவகௌரிக்குப் பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் ஊரில் துணி வெளுக்கிற ஒரு பெண் இதேபோல உதறித்தான் கிணற்றடியிலிருந்து வாசல்வரை வெள்ளை விரித்தாள். தங்கம் என்று பெயர். சிவகௌரி அந்த வெள்ளையில் மிதித்து நடந்து வீட்டுக்குள் போனாள். விரித்தவள் வீட்டுக்குள் வரவில்லை. சடங்குச் சோற்றை வாங்கிக்கொள்ள வேலிப் பக்கமாகச் சுற்றிப் போனாள். தங்கத்துக்கு ஒரு கதிரை கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவளுக்கும்தான் தோன்றவில்லை.

"என்னவாம் கௌரி?" மச்சாள் முழங்கையால் இடித்தார். "துணியைப் பற்றி என்னவோ சொல்லுறாரே."

சிவகௌரியின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"துணி வியாபாரமாம் மச்சாள். அந்தக் காலத்திலை பெரிய அளவிலை செய்தவையாம்."

தேத்தண்ணித் தட்டம் மேசையில் வைக்கப்பட்டது. கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கஜந்தினி தாயை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சிவகௌரி தாங்கியிருப்பாள். அவள் பார்த்தது, தெருவில் தெரிந்தவர் ஒருவர் களவெடுப்பதைக் கண்டுவிட்ட மாதிரி. சிவகௌரி கூசிப்போய்ச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லிவிட்டீர்களா? அவர் என்ன சொல்கிறார்?" என்று கொலின் ஆவலாகக் கேட்டார்.

"மிகவும் சந்தோஷமாம்," என்றாள் சிவகௌரி.

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். பெற்றோல் நிலையம் நடத்தி ஊரையெல்லாம் சமாளித்த மனிதர், வீட்டில் மட்டும் பேச்சு சிக்கலாகும்போது யன்னலுக்கு வெளியே பார்ப்பார். இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கொலின் அவர் பக்கம் திரும்பினார்.

"பரமேஸ்வரன் என்பது உங்கள் குடும்பப் பெயர்தானே? அதற்கு என்ன கதை?"

"அது என்னுடைய சொந்தப் பெயர்," என்றார் பரமேஸ்வரன். "என் பிள்ளைகளுக்கு அதுதான் கடைசிப் பெயர். எனக்குக் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர், தியாகராஜா. எங்களிடம் தலைமுறை தலைமுறையாக வருகிற பெயர் என்று ஒன்று இல்லை."

கொலின் வியந்துபோனார். "அப்படியென்றால் ஒருவருடைய முன்னோர் என்ன தொழில் செய்தார்கள் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தொடங்கலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு."

அதற்குப் பதிலைக் கஜந்தினிதான் சொன்னாள். லண்டனில் படித்து வளர்ந்த பிள்ளையின் தெளிவான ஆங்கிலம், குரல் உயரவில்லை.

"பெயரில் இருக்காது, மிஸ்டர் பிளாக்ஸ்டர். அதனால் நாங்கள் தொலைபேசி எடுத்துக் கேட்போம்."

கொலின் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்?"

"சிலபேரைத் திரும்பவும் வீட்டுக்குக் கூப்பிடுவோம். சிலபேரைக் கூப்பிடமாட்டோம்."

கொலின் சிரிப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் மகனைப் பார்த்தார். ஒலிவர் மேனுஷாவைப் பார்த்தான், மேனுஷா தரையைப் பார்த்தாள். ஹிலரி மட்டும் சிவகௌரியின் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு வடையில் ஒன்றைக் கையில் எடுத்து, இந்த ஓட்டையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். விளங்கிக்கொண்டு கேட்கிறாள் என்று சிவகௌரிக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டதே என்று இன்னும் குன்றிப்போனாள்.

சாப்பாடு நடந்தது. கத்தரிக்காய்க் குழம்பைக் கொலின் இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோது அகப்பை தவறி, வெள்ளை விரிப்பில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது. "கவலைப்படாதீர்கள், எங்கள் பரம்பரைத் தொழில்தானே, வெயிலில் போட்டால் போய்விடும்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆவணியில் ஆர்ச்வே முருகன் கோயிலில் கலியாணம் என்று நாள் முடிவாயிற்று. மேனுஷா ஒலிவரோடும் அவன் பெற்றோரோடும் ஸ்டேஷன்வரை போனாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

மச்சாளை ஹரோவுக்குக் கொண்டுபோய்விடப் பரமேஸ்வரன் கார்த் திறப்பை எடுத்தார். நடையில் மச்சாள் சிவகௌரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கௌரி, வெளுக்கிறது எண்டுதானே அவர் சொன்னவர்? எனக்கு அந்தளவு இங்கிலிஷ் விளங்கும்."

சிவகௌரி சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தாள்.

"நீ ஏன் பயப்பிடுறாய்? வெள்ளைக்காரர் தானே, அவைக்கு உதெல்லாம் ஆர் பாக்கப்போகினம்? எங்கடை ஆக்களுக்கு அது சரிவராது, இது பரவாயில்லை. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

மச்சாள் அன்பாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. அருமைநாயகி சொன்ன ஒவ்வொரு சொல்லும் சிவகௌரி மத்தியானத்திலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

கார் போனதும் குசினிக்குப் போனாள். விரிப்பை மேசையிலிருந்து எடுத்து, தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டு உரசத் தொடங்கினாள். கறை போவதாயில்லை. இரண்டு கையாலும் கசக்கினாள்.

"விடுங்கோ அம்மா. மெஷினிலை போடலாம்."

கஜந்தினி குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"மெஷின் இதைக் கெடுத்துப்போடும். பழசு." சிவகௌரி திரும்பவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். "அது வேறை பிள்ளை, இது வேறை."

"எப்பிடி வேறை?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிவகௌரி உண்மையாகவே யோசித்தாள். சொல்ல ஏதாவது ஒன்று இருக்கும் என்றுதான் நினைத்தாள். மூன்று வருடமாக அந்த ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் இருந்தாள். தேடிப்பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"அவர் அவ்வளவு பெருமையாச் சொன்னவர்," என்றாள் கஜந்தினி. "நீங்கள் அருமைநாயகி மாமிக்கு அதைக்கூட மறைச்சுப்போட்டியள். யனுஷனும் எனக்கு முதல் நாளே சொன்னவன், தன்ரை அப்பப்பா துணி வெளுத்துத்தான் அப்பாவைப் படிப்பிச்சவர் எண்டு. அவனும் பெருமையாத்தான் சொன்னவன். நீங்கள் கேட்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பான். நீங்கள் அவனைக் கேக்கேல்லை. ரொறன்ரோவைத்தான் கேட்டனீங்கள்."

"பிள்ளை..."

"எனக்குக் கோவம் இல்லை அம்மா. எனக்கு இண்டைக்கு வெக்கமாக் கிடந்தது. அவ்வளவுதான்."

அவள் நடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழிருந்த பையை எடுக்கிற சத்தம் கேட்டது. சிவகௌரி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"நிண்டுட்டுப் போவன். மேலை கட்டில் விரிச்சுக் கிடக்கு."

"தெரியும். பாத்தனான்." கஜந்தினி சப்பாத்தைப் போட்டாள். "நிக்கவெண்டுதான் வந்தனான்."

கதவு திறந்தது. பின்னேரத்து வெளிச்சத்தில் அவள் படியிறங்கினாள். சிவகௌரிக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை, மூன்று வருடமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்காததுதான் வந்தது.

"யனுஷன் இப்ப எங்கை? கலியாணம் கட்டியிட்டானோ?"

கஜந்தினி நின்றாள். திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ அம்மா. உங்களுக்குப் பழக்கம்தானே."

அவள் ஸ்டேஷன் பக்கமாக நடந்து மூலையில் திரும்பும்வரை சிவகௌரி வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்தாள்.

இலக்கம் அவளிடம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன், வேண்டாம் என்று சொல்லியனுப்பிய கிழமையில் யனுஷனின் தாய் ஒரேயொரு தடவை அழைத்திருந்தாள். சிவகௌரி அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இனித் தவறுதலாகக்கூட எடுத்துவிடக் கூடாது என்று அந்த இலக்கத்துக்கு ஒரு பெயர் போட்டுச் சேமித்துவைத்தாள். அந்தத் தாயின் பெயர் என்னவென்று அவள் விசாரித்து வைத்திருக்கவில்லை. திரையில் இப்போதும் அதுதான் இருந்தது. 'எடுக்காதை.'

ஒரு மனுசிக்கு வைக்கிற பெயரா இது? அவள் முகம் எரிந்தது. இலக்கத்தை அழுத்தினாள்.

அங்கே மணி அடித்தது. எடுக்காமல் விட்டால் நல்லது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?" வயதான ஒரு பெண்ணின் குரல், தாயாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் எங்கேயோ குழந்தை ஒன்று சிணுங்கிக்கொண்டிருந்தது.

"நான்... சிவகௌரி கதைக்கிறன். இல்ஃபோர்டிலை இருந்து."

"எந்தச் சிவகௌரி? எனக்கு மட்டுப்பிடிக்க ஏலாமல் கிடக்கு." அந்தக் குரலில் தப்பான எண்ணம் ஒன்றும் இல்லை, தெரியாத இலக்கத்திலிருந்து பேசுகிறவரிடம் நம்மவர் யாரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. நீங்கள் எந்த ஊர்? ஆர் ஆக்கள்?"

சிவகௌரியின் கையில் சவர்க்கார ஈரம் இன்னும் காயவில்லை. எத்தனை பேரைப் பற்றி எத்தனை பேரிடம் அவள் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள். யனுஷனின் தாய்க்குத் தான் யார் என்று சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

"சொல்லுங்கோ," என்றது அந்தக் குரல் தன்மையாக. "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."